பிராசஸர் மாறிய வருஷம்

புதிதாக விற்பனைக்குச் சேர்ந்திருக்கும் உங்கள் ஆறு பேரையும் எனக்கு அறிமுகம் செய்துவைத்தபோது முதலாளி பாய் ஒரு வார்த்தை சொன்னார். "ஸ்டெல்லா மேடம் இருபத்தாறு வருஷம் நம்ம கடையில விற்பனை பார்த்தவங்க. வாசல்ல ஆள் கால் வைக்கும்போதே, இவர் எந்த லேப்டாப் வாங்குவார்னு சொல்லிடுவாங்க." நீங்கள் எல்லோரும் என்னை ஒரு மரியாதையோடு பார்த்தீர்கள். நானும் மறுத்துப் பேசவில்லை. ஓய்வு பெற்றவளுக்கு இப்படி ஒன்றிரண்டு புகழ்ச்சிதானே மிச்சம், அதை எதற்குக் கெடுப்பானேன் என்று சிரித்துக்கொண்டு நின்றேன்.

ராயபுரத்தில் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு மனசு கேட்கவில்லை, இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். பாய் சொன்னது பொய். ஒருமுறை கோட்டும் டையுமாக ஒருவர் வந்தார். பெரிய கம்பெனி அதிகாரி, ஒரே நேரத்தில் பத்து வாங்குவார் என்று நானாக முடிவு செய்தேன். முக்கால் மணி நேரம் ஒவ்வொரு மாடலாகத் திறந்து காட்டினேன். காபி வரவழைத்தேன். கடைசியில் அவர் கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்து, "ரொம்ப தேங்க்ஸ்மா, என் பஸ் வந்துடுச்சு" என்று எழுந்து ஓடினார். மனுஷன் ஏசிக்காக வந்திருக்கிறார்.

அது சின்னத் தப்பு. ஒரு காபியோடு போயிற்று. நான் செய்த பெரிய தப்பு ஒன்று இருக்கிறது. அதற்கு எனக்குப் பரிசு கொடுத்தார்கள்.

நாலைந்து வருஷத்துக்கு முந்தைய கதை. நாம் அதிகமாக விற்கும் லேப்டாப் கம்பெனி எது என்று உங்களுக்கே தெரியும், பெயர் வேண்டாம். லேப்டாப்பின் மூளை பிராசஸர். அந்த மூளையை அந்தக் கம்பெனி அதுவரை வெளியில் வாங்கித்தான் பொருத்திக்கொண்டிருந்தது. திடீரென்று, இனிமேல் நாங்களே வடிவமைத்த பிராசஸரைத்தான் போடுவோம் என்று அறிவித்தது. பழக்கமான சரக்கை விற்பதே பாடு. இதில் பிராசஸர் என்றால் என்ன, அதை ஏன் மாற்றினார்கள் என்று நம் திருவொற்றியூர் கடைக்கு வருகிறவர்களில் யாருக்கு என்ன சொல்லிப் புரியவைப்பது?

நான் யோசித்து ஒரு பேச்சைத் தயார் செய்தேன். "இத்தனை நாளா இந்தக் கம்பெனி கடையில மாவு வாங்கி இட்லி சுட்டுது சார். இப்போ சொந்தமா அரிசி ஊறப்போட்டு ஆட்டுறாங்க. இட்லி எப்படி வரும்னு நீங்களே யோசிங்க." வாடிக்கையாளர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்கள் வாங்கினார்கள். அந்த வருஷம் திருவொற்றியூர் கடையில் அந்த லேப்டாப் விற்பனை முந்தின வருஷத்தைப் போல இரண்டு மடங்கைத் தாண்டியது. கம்பெனியின் ஏரியா அதிகாரி வருண், நல்ல சுறுசுறுப்பான பையன், என் இட்லிப் பேச்சைப் போனில் படம் பிடித்துத் தமிழ்நாட்டில் இருக்கும் எல்லாக் கடைகளுக்கும் அனுப்பினான். கோயம்புத்தூரில் இருந்தெல்லாம் எனக்குப் போன் வந்தது. நான் கடைக்குள் நடக்கும் நடையே மாறிவிட்டதாக டில்லி பிற்பாடு சொன்னான்.

டில்லியை உங்களுக்குத் தெரியும். பின்பக்கம் சர்வீஸ் மேஜையில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு குனிந்தே இருப்பாரே, அவர்தான். உங்களுக்கு 'அவர்', எனக்கு 'அவன்'. கடற்கரைக் குப்பத்தில் பிறந்தவன். அண்ணன் தம்பி எல்லோரும் போட்டில் போகிறார்கள், இவன் மட்டும் ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்தான். அவனை எதையும் நம்பவைப்பது கஷ்டம்.

புது பிராசஸர் வந்து ஒரு வருஷம் முடிந்து, ஒரு திங்கட்கிழமை காலையில் வருண் கடைக்கு வந்தான். பாய், நான், விற்பனைப் பையன்கள், டில்லி என்று கடையில் இருந்த எல்லோரையும் உட்காரவைத்துச் சுவரில் ஒரு படம் காட்டினான். இரண்டு வருஷத்து விற்பனையை ஒரு கோடாகப் போட்டிருந்தான். முதல் வருஷம் தரையோடு தரையாகக் கிடந்த கோடு, இரண்டாம் வருஷம் ஏணி வைத்தமாதிரி ஏறியது.

"இந்த இடத்துலதான் நாங்க பிராசஸரை மாத்தினோம்" என்று கோடு திரும்பும் முனையில் விரலை வைத்தான். "அடுத்த மாசம் இதைவிட வேகமான பிராசஸர் வருது. அதனால இந்த சீசனுக்கு மூணு மடங்கு சரக்கு புக் பண்ணுங்க பாய். பண்ணினா திருவொற்றியூரை எங்க ஸ்பெஷல் ஷோரூமா அறிவிச்சிடுவோம். போர்டு, உள் அலங்காரம் எல்லாம் எங்க செலவு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் புக்கிங் முடியுது."

எல்லோரும் கை தட்டினோம். நான் கொஞ்சம் சத்தமாகவே தட்டினேன். பின்னாலிருந்து டில்லியின் குரல் வந்தது.

"சார், கோடு ஏறிகினு போவுது, வாஸ்தவம். யாரு ஏத்தி வுட்டான்னு அந்தக் கோட்டுல எங்கனா எழுதிகீதா?"

வருண் சிரித்தான். "பிராசஸர் மாறின உடனே ஏறுது. வேற என்ன காரணம் இருக்க முடியும்?"

"எனுக்குத் தெரியாது சார். உனுக்கும் தெரியாதுன்னுதான் சொல்றேன்."

பாய் வருணைப் பார்க்கவில்லை, டில்லியையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "கடையில நிக்கிறது நீங்க. நீங்க சொல்லுங்க ஸ்டெல்லா மேடம். பிராசஸர்தானா?"

இந்த இடத்தைக் கவனியுங்கள். ஒரு நாள் அவகாசம் கொடுங்கள் பாய் என்று சொல்லியிருக்கலாம். ஒருத்தரும் என் தலையை எடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் வருண் அன்று காலையில்தான் என் காதில் ஒரு செய்தியைப் போட்டிருந்தான். இட்லிப் பேச்சுக்காகக் கம்பெனி எனக்குப் பரிசு தரப்போகிறது, ஹோட்டலில் விழா, மேடையில் ஏறி வாங்க வேண்டும். நான் அன்று என்ன புடவை கட்டுவது என்றுகூட மனசுக்குள் எடுத்து வைத்துவிட்டேன். பிராசஸர் காரணமில்லை என்றால் என் பேச்சும் காரணமில்லை. அப்புறம் புடவை எதற்கு?

"பிராசஸர்தான் பாய். சந்தேகமே இல்ல" என்றேன்.

"அப்போ சரி. உங்க வார்த்தையை நம்பி வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடுறேன்" என்று பாய் எழுந்துவிட்டார்.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் டில்லி தன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தான். வழக்கமாக வம்பு இழுப்பவன் அன்று மெதுவாகப் பேசினான்.

"யக்கா, மூணு மடங்கு சரக்கு. வித்துச்சுன்னா நல்லது. விக்காம குந்திகினு இருந்தா கம்பெனிக்காரன் திரும்ப எடுத்துக்க மாட்டான். பாய் இன்னா பண்ணுவாரு? ரெண்டு கடையில ராயபுரம் கடை அவங்க அப்பா வச்சது, அத்த மூட மாட்டாரு. இத்தத்தான் மூடுவாரு. இங்க நாம ஏழு பேரு கீறோம்."

"நான் என்ன தெரியாமலா சொன்னேன்?"

"தெரிஞ்சுதான் சொன்னியா?"

எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் பதில் நம்மிடம் இல்லை என்று அர்த்தம். இது எனக்குப் பிற்பாடு விளங்கியது. அன்று விளங்கவில்லை. அவன் வாயை அடைக்கவேண்டும் என்பதற்காகவே, செவ்வாய்க்கிழமை காலையில் கஸ்டமர் லிஸ்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் போன் போட்டேன். "வணக்கம் சார், கடையில இருந்து ஸ்டெல்லா பேசுறேன். நீங்க போன வருஷம் லேப்டாப் வாங்கினீங்களே, அந்தப் புது பிராசஸருக்காகத்தானே வாங்கினீங்க?" ஆமாம் மேடம், ஆமாம் மேடம் என்று பத்துப் பேர் வரிசையாகச் சொன்னார்கள். பதினோராவது ஆள் மட்டும், "மாவு பத்தி ஏதோ சொன்னீங்க மேடம். நான் அன்னிக்குச் சாப்பிடாம வந்திருந்தேன்" என்றார்.

வெற்றியோடு லிஸ்ட்டைக் கொண்டுபோய் டில்லி மேஜையில் போட்டேன். அவன் பூதக்கண்ணாடியைக் கூடக் கழற்றவில்லை.

"பதிலையும் நீயே கேள்வில ஒட்டிக் குட்த்தா, அவன் இல்லைன்னா சொல்வான்? மருவாதைக்கு ஆமான்னுவான், போனை வச்சுடுவான்."

"அப்போ எப்படிக் கேக்கிறது?"

"எனுக்கு இன்னா தெரியும், நீதான சேல்ஸு. நேர்ல போய்ப் பாரு. வாங்குறதுக்கு முன்னால இன்னா நடந்துச்சுன்னு கேளு. ஆளு கதை சொல்ல ஆரமிச்சான்னா பொய் சொல்ல மாட்டான். கதையில பொய் சொல்றது கஷ்டம்."

அடுத்த நாள் காலையில் அவன் ஸ்கூட்டரின் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். ஒரு பந்தயம் வேறு. பிராசஸர்தான் காரணம் என்று தெரிந்தால் அவன் எனக்கு ஒரு வாரம் வஞ்சிரம் மீன் கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் நான் அவன் குடும்பத்துக்கே பிரியாணி செய்துபோட வேண்டும்.

முதலில் விம்கோ நகர். துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கும் வேலை பார்க்கும் ஏஜென்ட் ஒருவர் வீடு. செல்வம் என்று பெயர். கதவை நிறைக்கும் உடம்பு, அதற்கேற்ற சிரிப்பு. புதன்கிழமைகளில் வீட்டிலிருந்துதான் வேலை. உட்காரவைத்து மோர் கொடுத்தார். நான் பிராசஸர் என்ற வார்த்தையை வாயில் எடுக்காமல், "நீங்க லேப்டாப் வாங்கணும்னு எப்போ சார் முடிவு பண்ணீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"பழசு சத்தம் போட்டுகினே இருந்துச்சு மேடம். அதான் புது பிராசஸர் வந்ததும் வந்துட்டேன்" என்றார். நான் டில்லியை ஓரக்கண்ணால் பார்த்தேன். வஞ்சிரம் மணத்தது.

அடுப்படியிலிருந்து அவர் மனைவி கரண்டியோடு வெளியே வந்தார். "இன்னா பிராசஸரு? பழசு கெட்டுப்போயி எட்டு மாசம் கெடந்துச்சு. தினம் கத்துவேன், போய் வேற வாங்குயான்னு. இந்தாளு போவாம டபாய்ச்சுகினு இருந்தாரு. உங்க கடை வாசல்ல பள்ளம் நோண்டிப் போட்டு மேல ஒத்தப் பலகை வச்சிருந்தாங்களே, அது இவரைத் தாங்குமா? பலகை ஒடைஞ்சு பள்ளத்துல வுழுந்தா தூக்கறதுக்கு கிரேன்தான் வரணும்னு பயம். பள்ளத்தை மூடுனாங்க, மறுநாளே போனாரு."

செல்வம் வெட்கப்பட்டுச் சிரித்தார். "அதும் ஒரு காரணம்தான் மேடம்."

நான் சிரிக்கவில்லை. மோர் டம்ளரைக் கீழே வைத்தேன்.

பள்ளம். மழைநீர் வடிகாலுக்காக நம் கடை வாசலில், ஆள் ஆழத்துக்கு, ஏறக்குறைய ஒரு வருஷம் திறந்து கிடந்த பள்ளம். காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தப் பலகையில் நடந்தவள் நான்தான். மூடிய அன்று எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தவளும் நான்தான். அது மூடப்பட்டதும், புது லேப்டாப் கடைக்கு வந்ததும் ஒரே மாசம். வருணுடைய கோடு தரையோடு கிடந்தது, பள்ளம் இருந்த வருஷம். ஏறியது, பள்ளம் போன வருஷம். ஒரு வருஷத்துக்குள் அதை எப்படி மறந்தேன் என்று கேட்டால், பரிசு என்ற வார்த்தை காதில் விழுந்தால் பள்ளமெல்லாம் மறந்துபோகும் என்றுதான் சொல்ல முடியும்.

வெளியே வந்ததும் டில்லி, "பிரியாணில எனுக்கு லெக் பீஸ்" என்றான். ஆனால் அவன் முகமும் சுருங்கித்தான் இருந்தது. "நானும் அந்தப் பலகை மேலதான் டெய்லி வந்தேன். எனுக்கும் தோணல பாரேன்."

ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு முடிவு கட்டினால் வருணுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? வள்ளூருக்கு வண்டியைத் திருப்பச் சொன்னேன். கன்டெய்னர் லாரிகள் எறும்பு வரிசைபோல நின்ற ரோட்டில், ஹாரன் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திச் சண்டை போட்டுக்கொண்டே போனோம். அவன் பள்ளம் என்றான், நான் பிராசஸர் என்றேன். ஒரு லாரி கிளீனர் குனிந்து எங்களைப் பார்த்து, "வூட்ல போய்ப் பேசிக்கங்க" என்றார்.

வள்ளூரில் அனல்மின் நிலையத்துக்குப் பக்கத்தில் தேன்மொழி என்ற பெண் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறாள். ஜெராக்ஸ், ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது, கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பது எல்லாம் அங்கேதான். எங்களைப் பார்த்ததும் முதலில் டில்லியைத்தான் நலம் விசாரித்தாள். காரணம் இருந்தது.

"பழைய லேப்டாப்பைத் தூக்கிக்கினு மாசா மாசம் இந்த அண்ணன்கிட்ட வருவேன்கா. இங்க காத்துலயே சாம்பல் கீது. துணி காயப்போட்டா அதும் மேல படியும். லேப்டாப்ல அடியில ஃபேன் ஓடுது பாருங்க, அது எல்லாத்தையும் உள்ள இழுத்து வச்சுக்கும். சூடாயி நின்னுடும். அண்ணன் தொறந்து பிரஷ் போட்டுத் தருவாரு. ஒருநாள் அண்ணன்தான் சொன்னாரு, புதுசா வந்ததுல ஃபேனே இல்ல, அந்த பிராசஸரு சூடாவறது இல்லையாம்னு. அதான் வாங்கிட்டேன். ஒரு வருஷமா தொறக்கவே இல்ல."

"வேகம் எப்படிம்மா இருக்கு?"

அவள் சிரித்தாள். "எங்க ஊர் நெட்டு நடந்து வருதுக்கா. பிராசஸர் மட்டும் ஓடிப்போயி இன்னா பண்றது?"

நான் டில்லியின் தோளைப் பிடித்து உலுக்கினேன். "கேட்டியா? பிராசஸர்!"

"பிராசஸர்தான். ஆனா நீ சொன்ன காரணம் இல்ல. நீ இட்லி நல்லா கீதுன்னு சொல்லி வித்த. அவங்க புகை வராத அடுப்புன்னு வாங்கினாங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு அவனே தொடர்ந்தான். "யக்கா, அந்த வருண் தம்பி குட்த்த நோட்டீஸ் உன் பையில கீதா? எடு."

எடுத்தேன். அடுத்த மாசம் வரப்போகும் மாடல். மின்னல் வேகம், மேலும் வலிமை என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி: 'குளிர்விக்கத் திறன்மிக்க புதிய மின்விசிறி.' நான் மூன்று மடங்கு வாங்கச் சொல்லி வாக்குக் கொடுத்தது இதைத்தான். தேன்மொழி அந்த வரியைப் படித்துவிட்டு, "ஐயோ, மறுபடியும் ஃபேனா?" என்று நோட்டீஸை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

மூன்றாவதாக வியாசர்பாடி. அங்கே ஒருத்தன் உள்ளூர் ஃபுட்பால் மேட்சுகளைப் படமெடுத்து, கோல்களை வெட்டி ஒட்டி வீடியோவாகப் போடுகிறான். பெயர் ரமேஷ். அவனுக்கு மட்டும் நிஜமாகவே வேகம்தான் காரணம். "முன்னெல்லாம் ஞாயித்துக்கிழமை மேட்ச்ச வெட்டி முடிக்கறதுக்குள்ள புதன்கிழமை ஆயிடும் மேடம். தோத்தவனுக்கே மறந்துபூடும். இப்ப ஞாயித்துக்கிழமை சாயங்காலமே போட்டுடுறேன். சண்டை சூடா நடக்குது" என்றான் பெருமையாக.

"அப்போ இன்னும் வேகமா ஒண்ணு வருதே, மாத்துவியா?"

"எதுக்கு? இதே இன்னும் நாலு வருசம் தாராளமா ஓடும்."

டில்லி என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன்.

அந்த இரண்டு நாளில் இன்னும் சில பேரைப் பார்த்தோம். பக்கத்து வீட்டுக்காரர் வாங்கினார் என்று வாங்கியவர், பெண்ணுக்குக் காலேஜ் கிடைத்தது என்று வாங்கியவர், நிறம் பிடித்து வாங்கியவர் எல்லோரும் இருந்தார்கள். இட்லிக்காக வாங்கினேன் என்று சொன்னவர் ஒருத்தர்கூட இல்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் பாயிடம் சொல்லாமல் ராயபுரம் கடைக்குப் போய் அங்கிருந்த விற்பனைப் பதிவுகளை வாங்கினேன். ஏன் ராயபுரம்? அதே லேப்டாப், அதே பிராசஸர், அதே கம்பெனி விளம்பரம், ஆனால் வாசலில் பள்ளம் இல்லை. பிராசஸர் மட்டுமே செய்த வேலை எவ்வளவு என்று தெரியவேண்டுமானால் அந்தக் கடையைத்தான் கேட்க வேண்டும். கேட்டேன். விற்பனை கூடியிருந்தது, கொஞ்சம்தான். அடுத்து நம் கடையிலேயே வருண் காட்டாத வருஷத்தை எடுத்தேன், பள்ளம் தோண்டுவதற்கு முந்தைய வருஷம். அப்போதும் நன்றாகவே விற்றிருக்கிறோம். போன வருஷத்தைவிடக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். ஏணி என்று நாங்கள் கை தட்டியது பாதிக்குமேல், விழுந்த இடத்திலிருந்து எழுந்து நின்றதுதான்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வருண் புக்கிங் படிவத்தோடு வந்துவிட்டான். பாய் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டார். தப்பு செய்வது சுலபம், அதைச் செய்த அதே அறையில் அதே ஆட்கள் முன்னால் நின்று திருத்துவதுதான் பாடு. விற்பனைப் பையன்களை வெளியே போகச் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். திங்கட்கிழமை அவர்கள் முன்னால்தானே பீற்றினேன், இதையும் கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"பாய், திங்கட்கிழமை நான் சொன்னது தப்பு."

பேனா நின்றது. செல்வம் வீட்டில் ஆரம்பித்து ராயபுரம் பதிவு வரை எல்லாவற்றையும் சொன்னேன். பலகை உடைந்தால் கிரேன் என்ற இடத்தில் பாய் சிரித்துவிட்டார். வருண் சிரிக்கவில்லை. ஆனால் அவன் முட்டாள் இல்லை, நன்றாகவே வாதம் செய்தான்.

"மேடம், நாடு முழுக்க எங்களுக்கு விற்பனை ஏறியிருக்கு. எல்லாக் கடை வாசல்லயுமா பள்ளம் மூடினாங்க?"

"அங்கெல்லாம் பிராசஸராவே இருக்கலாம் தம்பி. எனக்குத் தெரியாது. நான் இந்தக் கடைக்குத்தான் பதில் சொல்ல முடியும்."

"உங்க வீடியோவுக்கு அவார்டே அறிவிச்சாச்சு."

"அதை அந்தப் பள்ளத்தை மூடினவங்களுக்குக் கொடுத்துடுங்க. நியாயமா அவங்களுக்குத்தான் சேரணும்."

"சரி, ஃபேன் இல்லாததாலதான் வாங்கினாங்கன்னே வச்சுக்குவோம். அதுக்கும் காரணம் பிராசஸர்தானே?"

"ஆமா. அதனாலதான் சொல்றேன், ஃபேன் இருக்கிறதை மூணு மடங்கு வாங்காதீங்கன்னு."

பின்பக்க மேஜையிலிருந்து ஒரு இருமல் கேட்டது. டில்லிக்குச் சளி எதுவும் கிடையாது.

பாய் படிவத்தை என் பக்கம் தள்ளி, பேனாவையும் நீட்டினார். "காரணமெல்லாம் சரி மேடம். எனக்கு ஒரு எண் வேணும். நீங்களே எழுதுங்க."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. இது வேண்டாம், அது வேண்டாம் என்று சொல்வது சுலபம். எவ்வளவு வேண்டும் என்று எழுத வேண்டி வந்தால்தான் தெரியும், நமக்கு நம் வார்த்தையில் எவ்வளவு நம்பிக்கை என்று. ஒன்றுமே புக் பண்ணாதீர்கள் என்று எழுதினால் பாதுகாப்பு. ஆனால் சீசனில் கடை காலியாக நிற்கும், அதற்கும் ஏழு பேர்தான் பதில் சொல்ல வேண்டும். நான் பள்ளத்துக்கு முந்தைய வருஷத்து எண்ணை எடுத்தேன். அதோடு, அந்த இரண்டு வருஷத்தில் ராயபுரத்தில் கூடிய அளவுக்கு நமக்கும் கூட்டினேன். அதில் பெரும்பகுதியை ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்த ஃபேன் இல்லாத மாடலுக்கு எழுதினேன், ரமேஷ் மாதிரி ஆட்களுக்காகக் கொஞ்சம் மட்டும் புதியதில் எழுதினேன். வருண் கேட்டதில் பாதிகூட வரவில்லை.

"இதுக்கு ஸ்பெஷல் ஷோரூம் போர்டு கிடைக்காது பாய்" என்றான் வருண்.

"இருக்கிற போர்டுலயே பேர் தெரியுதுல்ல?" என்று பாய் கையெழுத்துப் போட்டார்.

வருண் கிளம்பி வாசல் வரை போனான். பிறகு திரும்பி வந்து, "மேடம், அந்தப் பள்ளம் எங்கே இருந்துச்சு?" என்று கேட்டான். கூட்டிப்போய்க் காட்டினேன். ரோட்டில் ஒரு நீளத்துக்குத் தார் மட்டும் புதுக் கறுப்பாக இருந்தது. அவன் போனை எடுத்து அதைப் படம் பிடித்துக்கொண்டான். அதைக் காட்டி மேலிடத்தில் என்ன சொன்னானோ தெரியாது. இப்போது வேறு ஊரில் பெரிய பதவியில் இருக்கிறான். எப்போதாவது போன் செய்தால் என் உடம்பைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் கடைத்தெருவைப் பற்றிக் கேட்பான்.

விழாவுக்கு நான் போகவில்லை. பரிசு தபாலில் வந்தது. 'புதிய பிராசஸரை மக்களிடம் சேர்த்த நாவன்மைக்கு' என்று கண்ணாடியில் பொறித்திருந்தார்கள். டில்லி அதைக் கேட்டு வாங்கி, சர்வீஸ் மேஜையில் காகிதம் பறக்காமலிருக்க வைத்துக்கொண்டான். பிரியாணிக் கணக்கு இன்னும் தீரவில்லை; பள்ளம் பாதி, பிராசஸர் பாதி என்பதால் யார் ஜெயித்தது என்று இன்றைக்கும் சண்டை.

அந்த சீசன் முடிந்தபோது நான் எழுதிய சரக்கில் இரண்டே பெட்டிதான் மிச்சம். கடை நிலைத்தது, நாங்கள் ஏழு பேரும் நிலைத்தோம். பாய் பெரிய ஸ்வீட் பாக்ஸோடு வந்தார். எல்லோரையும் கூப்பிட்டு, "ஸ்டெல்லா மேடம் கணிச்சது அப்படியே நடந்துச்சு. நேர்ல போய் விசாரிச்சதாலதான் நாம பிழைச்சோம்" என்றார். எனக்குப் பழைய நடை மறுபடி வரும்போல இருந்தது. ஆனால் அந்த வாரம்தான் ஒரு செய்தி கேட்டிருந்தேன். நகரத்தின் இன்னொரு மூலையில் ஒரு கடைக்காரர் வருண் சொன்னபடியே மூன்று மடங்கு வாங்கி, எல்லாவற்றையும் விற்றுவிட்டாராம்.

"விசாரிச்சதாலதான்னு எப்படி பாய் சொல்றீங்க?" என்றேன். "இந்த சீசன்ல ரெண்டு காலேஜ்ல புதுசா பிரிவு ஆரம்பிச்சாங்க. எதிர்க்கடை ரெண்டு மாசம் மூடியிருந்துச்சு. நான் மூணு மடங்கு எழுதியிருந்தாலும் ஒருவேளை வித்திருக்கும். எனக்குத் தெரியாது."

பாய் என்னையும் டில்லியையும் மாறி மாறிப் பார்த்தார். ஸ்வீட் பாக்ஸின் மூடியைத் திரும்ப அழுத்தினார். "உங்க ரெண்டு பேர்கிட்டயும் நல்ல வார்த்தை சொல்லக்கூட வழியில்ல. அப்போ இதை நான் திருப்பி எடுத்துட்டுப் போகவா?"

டில்லி பூதக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவசரமாக எழுந்து வந்தான்.

"அது வேற, இது வேற பாய். காரணம் தெரியாமலே துன்னலாம். வச்சுட்டுப் போ."